தூதுவளையிடம் ஒரு கேள்வி

மலையடிவாரத்தில் உமையாள் அம்மையின் வைத்தியசாலை இருந்தது. மூலிகை வளர்ப்பதும், மருந்து அரைப்பதும், நோயாளியைப் பார்ப்பதும் அங்கே தங்கிப் படிப்பவர்களுக்குப் பாடம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார்மேலாவது புகார் சொல்ல வருபவர் அதை ஒரு கேள்வியாக மாற்ற வேண்டும். பிறகு அவரே ஆராய்ந்து விடை கொண்டுவர வேண்டும். விடை யார் தலையில் விழுந்தாலும் அம்மை அதன்படி செய்துவிடுவார்.

அதனால் அங்கே புகார்கள் குறைவு.

சேந்தன் ஒரு நாள் புகாரோடு வந்தான். அவன் முன்பு தானியக் கடை நடத்தியவன். நாற்பது வயதுக்கு மேல் வைத்தியம் கற்க வந்திருந்தான். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம்.

"அம்மா, என்னோடு படிக்கிறானே திருமேனி, அவன் சுத்தச் சோம்பேறி. தூதுவளைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. பாத்தி வாடுகிறது. தினமும் மாலையில் நானும் போய் நாலு குடம் ஊற்றுகிறேன். அப்படியும் வாடுகிறது. எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறான் பாருங்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்."

"கேள்வியாகச் சொல்."

"இங்கே சோம்பேறி யார்?"

"சரி. கண்டுபிடித்துச் சொல். சோம்பேறியை அனுப்பிவிடுவோம். சோம்பேறி என்றால் யார்?"

"அதைப் போய்க் கேட்கிறீர்களே அம்மா! பார்த்தாலே தெரியாதா?"

"எனக்குத் தெரியவில்லை."

சேந்தன் சற்று யோசித்தான். "பொழுது விடிந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் சோம்பேறி."

"நாளைக்குப் பார்த்துவிட்டு வா."

மறுநாள் வெயில் கூரையைத் தொட்ட பிறகுதான் திருமேனி கண் விழித்தான். சேந்தன் துள்ளிக்கொண்டு அம்மையிடம் ஓடினான். அம்மை கண்மூடித் தியானத்தில் இருந்தார். சேந்தன் காத்திருந்தான். வெயில் கூரையிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்தது. அப்போதுதான் அம்மை கண்ணைத் திறந்தார்.

"திருமேனிதான் அம்மா. கண்ணாலேயே பார்த்தேன்."

"அவன் எழுந்த பிறகா நீ இங்கே வந்தாய்?"

"ஆமாம் அம்மா."

"அப்போது என் கண் திறந்திருந்ததா?"

அம்மை எழுந்தார். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அம்மா, எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?"

"தங்கை வீட்டுக்கு. உன் விடை என்னைத்தானே போகச் சொல்கிறது?"

சேந்தன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான். "நான் அதைச் சொல்லவில்லை அம்மா. இன்னொரு தடவை சொல்கிறேன். எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவன்தான் சோம்பேறி."

அம்மை பாயைக் கீழே வைத்தார். "அதையும் பார்த்துவிட்டு வா."

அன்று முழுவதும் சேந்தன் திருமேனியைக் கண்காணித்தான். திருமேனி புங்கமரத்தடியில் உட்கார்ந்தான். சேந்தன் எதிரே உட்கார்ந்தான்.

"என்னண்ணே, என் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?" என்றான் திருமேனி.

"நீ உன் வேலையைப் பார்."

"வேலை ஒன்றும் இல்லையே, அண்ணே. நீங்களும் சும்மாதானே இருக்கிறீர்கள்? வாருங்கள், ஒரு ஆட்டம் பல்லாங்குழி போடுவோம்."

சேந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாலையில் அம்மை கேட்டார், "திருமேனி என்ன செய்தான்?"

"பாதி நாள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். மீதி நேரம் மருந்து அரைத்தான்."

"நீ?"

"நான் நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து..." சேந்தன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உன் பாயை நீயே சுருட்டிக்கொள்கிறாயா? நான் சுருட்டித் தரட்டுமா?"

சேந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அம்மையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேந்தா, உண்மையில் உனக்கு என்ன கவலை?"

"தூதுவளை அம்மா. மழை தொடங்கினால் ஊரே இருமிக்கொண்டு இங்கே வரும். அந்தப் பாத்தி போய்விட்டால் கஷாயத்துக்கு எங்கே போவேன்?"

"அப்படியானால் அதைக் கேள்."

"தூதுவளை ஏன் வாடுகிறது?"

"நல்ல கேள்விதான். ஆனால் கைக்குள் அடங்காது. மண்ணா, வெயிலா, பூச்சியா, எதை முதலில் பார்ப்பாய்? நீ எதைச் சந்தேகப்படுகிறாய்?"

"தண்ணீர் போதவில்லை என்றுதான்."

"பிறகென்ன?"

சேந்தன் மெல்லச் சொன்னான். "தண்ணீர் கூடினால் வாட்டம் குறையுமா?"

"வாட்டத்தை எப்படி அளப்பாய்?"

'பார்த்தாலே தெரியும்' என்று சொல்ல வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மஞ்சள் இலைகளை எண்ணுவேன்."

அம்மை திருமேனியையும் கூப்பிட்டார். ஒரே செடியைக் காட்டி இருவரையும் தனித்தனியாக எண்ணச் சொன்னார். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே இருவரும் எண்ணினார்கள். சேந்தனுக்கு நிறைய வந்தது. திருமேனிக்குக் கொஞ்சம்தான் வந்தது.

"இதெல்லாம் மஞ்சளா அண்ணே? இளம்பச்சை."

"உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ அப்படித்தான் சொல்வாய்."

"இப்படியே போனால் செடி பிழைத்ததா என்று மழைக்காலம் முடிந்தும் சண்டை போடுவீர்கள்" என்றார் அம்மை.

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இலையில் பாதிக்குமேல் மஞ்சள் படர்ந்திருந்தால்தான் அது மஞ்சள் இலை. மறுபடியும் தனித்தனியாக எண்ணினார்கள். இருவருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தது. சேந்தன் நம்பாமல் இன்னொரு முறை எண்ணினான். அதே எண்ணிக்கைதான்.

பாத்தியின் நடுவே ஒரு வரப்பு கட்டினார்கள். ஒரு பாதிக்குத் திருமேனி மட்டும் ஊற்றுவான். மறுபாதிக்குச் சேந்தன் தன் கையால் காலையிலும் மாலையிலும் ஊற்றுவான். திருமேனியின் பாதியைச் சேந்தன் எண்ண வேண்டும். சேந்தனின் பாதியைத் திருமேனி எண்ண வேண்டும்.

நாட்கள் போயின. எண்ணி முடித்துவிட்டு இருவரும் அம்மையைப் பாத்திக்கு அழைத்து வந்தபோது சேந்தனின் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகம் போல இருந்தது.

"என் பாதியில் மஞ்சள் ஏறிவிட்டது அம்மா. அவன் பாதியில் குறைந்துவிட்டது. புதுக் கொழுந்தும் விட்டிருக்கிறது."

"திருமேனி, நீ எவ்வளவு ஊற்றினாய்?"

திருமேனி தலையைச் சொறிந்தான். "எங்கே அம்மா தினமும் ஊற்றினேன்? சில நாள் அலுப்பாக இருந்தது. சில நாள் மறந்தேபோனேன்."

சேந்தன் பாத்தியைப் பார்த்தான். தன் பாதியில் கால் வைத்தான். கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. இத்தனை நாளும் தான் சுமந்து வந்த மாலைக் குடங்கள் ஒவ்வொன்றும் அவன் நினைவுக்கு வந்தன.

"வேரை நான்தான் அழுக வைத்திருக்கிறேன்" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பாதியில் தண்ணீரை இப்போதே நிறுத்திவிடுகிறேன். மழைக்குள் தேறிவிடும்."

"தேறும் அண்ணே. வேண்டுமானால் உங்கள் பாதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றான் திருமேனி.

சேந்தன் அவனை முறைத்தான். பிறகு அம்மையின் பக்கம் திரும்பினான். பழைய புகாரை அவன் இன்னும் விடவில்லை.

"அம்மா, மறந்தேன், அலுத்தேன் என்று இவனே ஒப்புக்கொள்கிறான். செடியோ இவன் கையில் தழைக்கிறது. அப்படியென்றால் இவன் சோம்பேறியா, இல்லையா?"

அம்மை குனிந்து ஒரு கொழுந்து இலையை முள் படாமல் திருப்பிப் பார்த்தார்.

"செடியிடம் நீ தண்ணீரைப் பற்றித்தானே கேட்டாய், சேந்தா? அதற்கு அது பதில் சொல்லிவிட்டது."