ஒரு கன்னம் குழிந்த கத்தி

அந்தக் காலத்தில், இரும்புக்கும் வாய் பேசத் தெரிந்தபோது, ஒரு சவரக்கத்தி தன் கன்னத்தைத் தானே கெடுத்துக்கொண்டது. காரணம் பொறாமை. வேறு ஒன்றும் இல்லை.

யார் மேல் பொறாமை? கூடப் பிறந்தவள் மேல்.

கொல்லர் ஒரே இரும்புப் பாளத்தை இரண்டாக வெட்டினார். முதல் துண்டில் கதிர் அரிவாள் பிறந்தாள். மிச்சத்தில் சவரக்கத்தி பிறந்தான். அப்போது அரிவாளுக்குப் பல் கிடையாது. வாய் வழவழவென்று இருக்கும். சவரக்கத்திக்குக் குழி கிடையாது. முதுகு தடிமன், வாய் மெல்லிசு, நடுவில் இரண்டு பக்கமும் பலகை மாதிரித் தட்டை. விறகு பிளக்கும் ஆப்பைச் சின்னதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

அக்காவை வீராயி வாங்கினாள். கதிர் அறுக்கப் போகிறவள். தம்பியைச் சவரம் செய்யும் வைரவன் வாங்கினான். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தொங்கினாள். இந்தப் பக்கம் தோல்பைக்குள் தம்பி கிடந்தான்.

அறுப்புக்கு முன் அக்காவைச் சாணைக்குக் கொண்டுபோவார்கள். சாணை என்றால் அரக்கும் மணலும் சேர்த்து வார்த்த சக்கரம். வண்டிச் சக்கரம் அளவு இருக்கும், கொல்லர் பட்டறையில் சுற்றும். அக்கா அதைத் தொட்டால் பொறி பறக்கும். வீட்டுக்கு வந்தால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். வயலில் முதல் கதிரை அறுக்கும்போது பெண்கள் குலவை போடுவார்கள்.

தம்பிக்கு என்ன? ஆற்றங்கரையில் நாலு தாடி. அப்புறம் பை.

"உன்னை எடுத்தால் குலவை போடுகிறார்கள். என்னை எடுத்து வைத்ததும் குளிக்கப் போகிறார்கள்" என்றான் ஒருநாள்.

"முடி ஒட்டும் தம்பி. அரிக்கும். அதான் குளிக்கிறார்கள்."

"வைக்கோலும்தான் அரிக்கும். உன்னைத் தொட்டுவிட்டு யார் ஓடிப்போய் முங்குகிறார்கள்?"

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை. அன்றிலிருந்து பைக்குள் கிடந்து ஒன்றையே யோசித்தான். ஒரே இரும்பு. ஒரே உலை. அவளிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன?

வளைவு. அவள் வளைந்திருக்கிறாள், நான் நேராக இருக்கிறேன். அவ்வளவுதான். அவனுக்கு எட்டியது அதுதான்.

ஒரு மத்தியானம் வைரவன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தான். கத்தி பையிலிருந்து நழுவிப் பட்டறைக்குப் போனான். எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். பேசுகிற இரும்புக்குப் போகவும் தெரியும்.

"என்னை வளை" என்றான் சாணையிடம்.

"வளைப்பது சம்மட்டி வேலை. நான் தேய்க்கிறவன்."

"அக்காவுக்குச் செய்தாயே."

"அவள் பிறக்கும்போதே வளைவு. நான் கூர்தான் பிடித்தேன். உன்னைத் தேய்த்தால் என் உடம்பு வளைவு உன் கன்னத்தில் பதியும். குழி விழும். வேண்டாம், போ."

"வளைவுதானே. பதியட்டும்" என்று பக்கவாட்டில் படுத்துக்கொண்டான்.

சாணை சுற்றியது. பொறி பறந்தது. கத்திக்கு உள்ளெல்லாம் குளிர்ந்தது.

"போதுமடா."

"இன்னும் கொஞ்சம். அவளுக்கு இதைவிட நிறையப் பறந்தது."

சாணையின் மணல் உதிர்ந்து தரையில் மேடு கட்டியது. அதை அவன் பார்க்கவில்லை. எழுந்து, உலைத்தொட்டித் தண்ணீரில் முகம் பார்த்தான். முன்பு போலவே நேராக இருந்தான். வலது கன்னம் மட்டும் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது. இடது கன்னம் பழைய தட்டைதான்.

மறுநாள் காலை குயவர் ஒருவர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். வைரவன் கத்தியை வைத்து இழுத்தான். அது கனமான பக்கம் சாய்ந்து தோலைக் கடித்தது. கல்லில் தீட்டிவிட்டு மறுபடி இழுத்தான். மறுபடியும் கடித்தது.

"வைரவா, சவரம் பண்ணுகிறாயா, வேலி வெட்டுகிறாயா?" என்றார் குயவர், தாடையைப் பிடித்துக்கொண்டு.

வைரவன் கத்தியைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "இன்னொரு கத்தி இருந்தால் இதை இப்போதே உலையில் போடுவேன். நாளைக்கு வீராயி குழந்தைக்கு முதல் மொட்டை. பச்சைத் தலை, உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. நாளைக்கும் இப்படிக் கடித்தால் என்ன ஆகும்?"

குயவர் பாதித் தாடியோடு எழுந்து போனார்.

கத்தி பைக்குள் கிடந்தான். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேட்பான். அக்காவிடம் கேட்க மாட்டான். அவளே வந்தாள். குயவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனதில் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பார்க்க வந்தாயா? நன்றாகப் பார். சிரி."

அவள் சிரிக்கவில்லை. வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். "ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் இல்லை. அதான் சாய்கிறாய். மறு கன்னத்தையும் அதே மாதிரிக் குழித்துவிட்டால் நேராக நிற்பாய். கிளம்பு."

பட்டறையில் சாணை அடையாளம் தெரியாமல் போயிருந்தது. வண்டிச் சக்கரம் சோற்றுத் தட்டு அளவுக்குச் சிறுத்திருந்தது.

"நேற்று இவன் தின்றது இது" என்றது சாணை. "மிச்சம் ஒருவருக்குத்தான் காணும். அப்புறம் நான் வெறும் அச்சு. உனக்கு அறுப்பு வருகிறதே, கூர் பிடிக்க வேண்டாமா?"

"அவளுக்கே கொடு" என்றான் கத்தி. "எப்போதும் அவளுக்குத்தானே."

"படுடா" என்றாள் அக்கா.

"உனக்கு?"

"நான் பார்த்துக்கொள்கிறேன். மொட்டை போடப்போவது என் வீட்டுப் பிள்ளைக்கு."

"அப்போ எனக்காக இல்லை."

"உனக்காக என்று சொன்னால் படுப்பாயா?"

அவன் படுத்தான். இந்த முறை பொறி பறப்பதைப் பார்க்கக் கண்ணைத் திறக்கவில்லை. இடது கன்னமும் குழிந்தது. சாணை கடைசி மணலையும் உதிர்த்துவிட்டு நின்றது.

மறுநாள் கோவில் வாசலில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்தார்கள். வைரவன் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை மெல்ல வைத்தான். கத்தி சாயவில்லை, கடிக்கவில்லை. இரண்டு பக்கமும் குழிந்ததில் உடம்பு இலை மாதிரி இருந்தது. இழுக்க இழுக்க மெல்லிசாக ஒரு ராகம் கேட்டது. முடி அதுவாக உதிர்ந்தது. குழந்தை தூங்கிப்போனது.

"என்னடா இது, பாடுகிறது" என்றான் தாய்மாமன்.

"பேசாதே, ஆட்டிவிடாதே" என்றான் வைரவன்.

கடைசி முடி விழுந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள்.

கத்தி கேட்டான். இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். அக்கா கேட்டாளா என்று உடனே தேடினான். வீராயி இடுப்பில் அவள் இல்லை. குலவை அடங்கியபோது பட்டறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. இரும்பின் மேல் உளி விழுகிற சத்தம்.

சாணை இல்லாததால் அக்கா நேராகக் கொல்லரிடம் போயிருந்தாள். "கூர் பிடிக்க வழியில்லை. உளியால் வாய் நெடுகப் பல் வெட்டலாம். வலிக்கும்" என்றார் கொல்லர். வெட்டச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு பல்லும் விழும் சத்தம் கோவில் வாசல் வரை வந்தது.

கத்தி எருமைக்கொம்புப் பிடிக்குள் முகத்தை மடக்கிக்கொண்டான்.

குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். சவரம் ஆனதும் குளிப்பது மட்டும் மாறவில்லை. மாறவும் மாறாது.

அந்தக் கத்தியைப் பார்த்துத்தான் கொல்லர் பிறகு எல்லாச் சவரக்கத்தியையும் குழித்தார். அன்று முதல்தான் சவரக்கத்திக்கு இரண்டு கன்னமும் குழி. வேலை முடிந்ததும் அது பிடிக்குள் முகத்தை மறைத்துக்கொள்வதும், கதிர் அரிவாள் சாணைப் பக்கம் போகாமல் பல்லோடு வயலுக்குப் போவதும் அன்று முதல்தான். சவரக்கத்தியைச் சரிசெய்தது யார் என்று கேட்டால் வைரவன் தன் கையைக் காட்டுவான், கொல்லர் தன் பட்டறையைக் காட்டுவார். இரண்டும் இல்லை. சரிசெய்தவள் அரிவாள்.