முன்னால் எத்தனை பேர்

“டீச்சர், என் தம்பி இதுல இல்ல.”

கஞ்சி வரிசையின் முதல் ஆளாக வந்து நின்று தொபியாஸ் சொன்னார். கையில் சட்டி இல்லை.

புயல் ஓய்ந்ததிலிருந்து மாதா கோயில் அலுவலகக் கணினியில் பல துறைமுகங்களின் செய்திகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எல்லாம் உயிரோடு கரையேறியவர்களைப் பற்றியவை. கண்ணால் படித்துத் தீராது.

தொபியாஸ் படகு இன்ஜின் மெக்கானிக். ஐம்பதுக்கு மேல் கணினி கற்க வந்தவர். கற்றுக்கொடுத்தவள், இப்போது கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாள்; அவளுக்கு அவர் மகள் வயது.

அவள் சொல்லித்தந்த கட்டளைகளில் ஒன்று ஃபைண்ட். பெயரைக் கொடுத்தால், செய்திக்குள் அந்தப் பெயருக்கு முன்னால் எத்தனை எழுத்துகள் நிற்கின்றன என்று எண்ணிச் சொல்லும். பெயரே இல்லையென்றால் மைனஸ் ஒன்று என்று சொல்லும்.

அதை வைத்து அவரே ஒரு நிரல் எழுதினார். விடை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் செய்தியை எடுத்து வை. மற்றதைத் தள்ளு.

ஊரில் பல வீடுகளுக்கு அது ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அவர் தம்பி செலஸ்டினை மட்டும் கொடுக்கவில்லை.

அலுவலக வாசலில் உபதேசியார் பதிலுக்குக் காத்து நின்றிருந்தார். மாலைப் பூசையில் இறந்தவர்களோடு செலஸ்டின் பெயரையும் வாசிக்கலாமா என்று சாமியார் கேட்டனுப்பியிருந்தார்.

வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டால் மனம் அடங்கும் என்று தொபியாஸுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே கசப்பு வந்தது. இத்தனை நேரம் தேடியது அவனைக் கண்டுபிடிக்கவா, தேடலை முடிக்கவா?

இசக்கியம்மாள் அகப்பையைப் பானையிலேயே விட்டாள். கணினி என்ன சொன்னது என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் மைனஸ் ஒன்று என்றார். ஒரே ஒரு செய்திக்குப் பூஜ்யம். அதுவும் ஒன்றுமில்லை என்றுதானே கணக்கு.

அவள் அவரையே பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண், பாடத்தைப் பிறகு நடத்தலாம், பிள்ளைகள் பசியோடு நிற்கின்றன, சட்டி இல்லாத ஆள் தள்ளி நிற்கட்டும் என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அண்ணாச்சி, இந்த வரிசையில உங்களுக்கு முன்னால எத்தனை பேர் நிக்காங்க?”

“யாருமில்ல.”

“எண்ணிச் சொல்லுங்க.”

தொபியாஸ் பானையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நடுவில் ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

“பூஜ்யம்.”

“அப்போ நீங்க வரிசையிலயே இல்லயா?”

பூஜ்யம் வந்த அந்தச் செய்தியின் முதல் சொல் எதுவென்று அவருக்கு விளங்கியது.

பிறகு ஓடினார். அலுவலகத்தை நோக்கி, ஒரு செருப்பை வரிசையிலேயே விட்டுவிட்டு.

வாசலில் உபதேசியார் மறித்தார். சாமியாருக்கு என்ன பதில் சொல்ல?

“தம்பி பேர வாசிக்க வேண்டாம்,” என்றார் தொபியாஸ், நிற்காமல்.