கதவில் தொங்கிய பலகை

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அம்பலவாணன் என்றொரு அதிகாரி. அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. இதையும் அவர்தான் சொல்லுவார்.

"மூணு சர்வரும் நெட்வொர்க் வழியா ஒரே டிஸ்க்ல எழுதணும். நாளைக்கே!" என்றார்.

ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லி தயங்கினாள். "எழுதலாம் சார். ஆனா எந்த இடம் காலின்னு ஒண்ணையொண்ணு கேட்டுக்க ஒரு சாஃப்ட்வேர் வேணும். இல்லேன்னா ஒண்ணு எழுதினதுமேலயே இன்னொண்ணு எழுதிடும். நோயாளிங்க ரிப்போர்ட்டெல்லாம் போயிடும்."

"தண்டச் செலவு! மூணும் விலை ஒசந்த சர்வர். அதுகளுக்குத் தெரியாதா? முடியலேன்னா வேலையை விட்டுப் போ."

"சரி சார்" என்றவள், போகிற போக்கில் அவர் அறைக் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றிக்கொண்டு போனாள். அவரைப் பார்க்க யாருக்காவது நேரம் கொடுத்தால், அவருடைய மூன்று உதவியாளர்களும் முதலில் அதில்தான் குறிப்பார்கள். அப்புறம்தான் அவரவர் டைரி.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி முதலாளியும், மெஷின் விற்க வந்தவரும், அதிகாரியின் மாமியாரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். ஆளுக்கொரு உதவியாளர் நேரம் கொடுத்திருந்தார்; அவரவர் டைரியில் பத்து மணி காலியாகத்தான் இருந்ததாம். இருந்த ஒரே நாற்காலியில் மாமியார் உட்கார்ந்துவிட்டார். முதலாளி நின்றார்.

"ஒருத்தரையொருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?" என்று அம்பலவாணன் உதவியாளர்களிடம் கத்தினார். "பலகை எங்கே?"

"என்கிட்ட இருக்கு சார்" என்றாள் செண்பகவல்லி. "மூணு பேரும் பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாதான்னு நினைச்சுட்டேன்."

முதலாளி திரும்பி அதிகாரியைப் பார்த்தார். சாஃப்ட்வேர் வாங்க அம்பலவாணன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடும் முன்பே செண்பகவல்லியிடம் சொன்னார்: "முதல்ல பலகையை மாட்டும்மா."