பொத்தையன் வாத்து பிடிக்கப் படகு கட்டிய கதை

ராஜா இல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. ஆகவே ஒரு ராஜா இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் மிக நீளம். சொல்லி முடிப்பதற்குள் உங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அவருடைய நாட்டின் தெற்கு ஓரத்தில் கோரை மண்டிய ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் பொத்தையன் என்ற வேட்டைக்காரன் தன் மனைவி சடைச்சியோடு குடியிருந்தான். கதை அவனுடையது.

அந்த ஏரியில் வேட்டையாடும் உரிமை பொத்தையனின் முப்பாட்டனுக்குக் கிடைத்த மானியம். ஆண்டுதோறும் தை மாதத்தில் ராஜாவின் பிறந்த நாள் வரும். அதற்கு முதல் நாள், மானியக்காரன் தன் கையால் பிடித்த முப்பது காட்டு வாத்துகள் அரண்மனை மடைப்பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏரி கையை விட்டுப் போய்விடும். மானிய ஓலையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது.

வாத்து பிடிக்க அந்த ஏரிக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு மண்சட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் மெல்ல நடப்பார்கள். ஏதோ சட்டி மிதக்கிறது என்று வாத்து சும்மா இருக்கும். கிட்டே போனதும் அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

அந்த ஆண்டு மார்கழியில் பொத்தையனுக்கு இரண்டு முழங்காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. கட்டு போட்டான், பத்து போட்டான், காளிக்குப் பொங்கல் வைத்தான். முழங்கால்கள் எதற்கும் மசியவில்லை. குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் உயிரே போனது. ராஜாவின் பிறந்த நாளுக்கோ இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

"நடக்க முடியாதவன் மிதந்து போகலாமே" என்று பொத்தையனுக்குத் தோன்றியது. படகு கட்டுவதென்று முடிவு செய்தான்.

அவன் அதுவரை படகு கட்டியதில்லை. அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அடிப்பலகைக்குக் கொல்லையில் நின்ற இலுப்பை மரத்தை வெட்டினான். குறுக்குக் கட்டைக்கு மாட்டுக்கொட்டகையின் உத்தரத்தை எடுத்தான். பக்கப் பலகைக்கு வீட்டு வாசல் கதவைக் கழற்றினான்.

சடைச்சி கதவில்லாத வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே வீட்டை எதை வச்சுச் சாத்துறது?"

"உள்ள திருட என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

பலகைகளைக் கயிற்றால் தைத்தான். இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்தான். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினான். பதினைந்தாம் நாள் படகு முடிந்தது. தட்டையாக, ஒரு சாண் உயரப் பக்கங்களோடு, அது பெரிய மாவுப்பலகை மாதிரி இருந்தது. ஆனாலும் மிதக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.

இங்கேதான் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் எந்தப் படகும் முதன்முதலாகத் தண்ணீரைத் தொடும் முன், படகுக்காரன் அதற்கு மஞ்சள் நீர் தெளித்து ஒரு சத்தியம் செய்ய வேண்டும். "ஏறினது எந்த உயிரானாலும், தானா இறங்குற வரைக்கும் என் விருந்தாளி." ஒரு பெருவெள்ளத்தில் ஆளும் ஆடும் பாம்பும் ஒரே படகில் ஏறித் தப்பித்த காலத்திலிருந்து வரும் சத்தியம் அது.

"நாமதான் வாத்து பிடிக்கப் போறோமே, சத்தியம் எதுக்குங்க? வேட்டை முடியட்டும், அப்புறம் செஞ்சுக்குங்க" என்றாள் சடைச்சி.

"சத்தியம் பண்ணாதது வெறும் கட்டை. அதுல நான் ஏற மாட்டேன்" என்றான் பொத்தையன். "வாத்து என்ன, தானா வந்து படகுல ஏறவா போகுது?"

அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சத்தியமும் செய்தான்.

முதல் நாள் படகோடு போனான். படகைக் கண்டதும் அரைக்கல் தொலைவிலேயே வாத்துகள் எழும்பிவிட்டன. கரைக்கு வந்து படகு முழுவதும் கோரையைச் செருகினான்.

இரண்டாம் நாள் போனான். துடுப்புச் சத்தம் கேட்டு எழும்பிவிட்டன. துடுப்பைக் கரையில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கையாலேயே தள்ளப் பழகினான்.

மூன்றாம் நாள் போனான். குங்கிலிய வாசனைக்கு எழும்பிவிட்டன. ஏரிச் சேற்றைப் படகுக்கும் பூசினான், தனக்கும் பூசினான். பாசியை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டான். ஒரு நத்தை அவன் தோளில் ஏறியது. அதையும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். வாத்துகளைக் கிட்டே இழுக்க ஒரு படி நெல்லை எடுத்துக்கொண்டான்.

கெடு நாள் காலையில் வீச்சு வலையோடு போனான். அன்றைக்கு ஒரு வாத்தும் எழும்பவில்லை. உலகத்தில் அதைவிட நல்ல வாத்துப் படகை அதற்கு முன்னும் யாரும் கட்டியதில்லை, பின்னும் கட்டியதில்லை. பொத்தையன் மூச்சை அடக்கி வலையைக் கையில் சேர்த்தான்.

அப்போது ஒரு பெட்டை வாத்து நீந்தி வந்தது. படகை நல்ல மேடு என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அதைப் பார்த்து ஒரு கூட்டம். பொத்தையன் படுத்தபடியே எண்ணினான். முப்பத்துநான்கு. அவன் பிடரியில் உட்கார்ந்திருந்ததைச் சேர்த்து முப்பத்தைந்து.

தண்ணீரில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பொத்தையனுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. "இறங்கிருங்க தாயீ" என்று முனகிப் பார்த்தான். வாத்துகள் இறகு கோதின. பொய்த் தும்மல் தும்மிப் பார்த்தான். அவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கோதின. பிடித்துத் தள்ளலாம் என்றால், தானாக இறங்க வேண்டும் என்பதுதானே சத்தியம்? பேசாமல் காத்துக் கிடந்தான். பாதி வாத்துகள் தலையைச் சிறகுக்குள் வைத்துத் தூங்கின. படகு காற்றில் மெல்லக் கரையோரம் ஒதுங்கியது.

உச்சிப்பொழுதில் மடைப்பள்ளி மணியக்காரர் வண்டியோடு கரைக்கு வந்தார். வந்தவருக்கு வாயெல்லாம் பல்.

"பலே பொத்தையா! மடியிலயே வச்சிருக்கியே! வலையைப் போடுடா!"

"விருந்தாளிங்க சாமி."

"யாரு?"

"வாத்துங்க."

மணியக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் இருந்த நத்தையையும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து மானிய ஓலையின் அரண்மனைப் பிரதியை உருவினார்.

"வலை விழுந்தா ஏரி உனக்கு. விழலேன்னா ஓலையை ஒடிச்சிருவேன். சீக்கிரம் சொல்லு, எனக்குப் பசிக்குது."

பொத்தையனின் கை வலையை இறுகப் பிடித்தது. அவனுக்கு அழுகை வந்தது. நாலு தலைமுறை ஏரி. வேறு தொழில் தெரியாது. காலும் போய்விட்டது. ஒரு வீச்சு, ஒரே வீச்சு போதும். முழங்கையை ஊன்றி எழும்பிக் கரையில் நின்ற சடைச்சியைப் பார்த்தான். சத்தியம் இப்போது வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவள் அவள்தான். போடுங்க என்று அவள் ஒரு சொல் சொன்னால் போட்டுவிடுவான்.

சடைச்சி படகைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வந்தவுகளுக்கு ஒண்ணும் போடாமயா உக்கார வச்சிருக்கீக? அந்த நெல்லை எடுத்துப் போடுங்க" என்றாள்.

பொத்தையன் வலையை விட்டுவிட்டு நெல்லைப் படகில் கொட்டினான். மணியக்காரர் ஓலையை இரண்டாக ஒடித்தார். விருந்தாளிகள் சாப்பிட்டன.

மறுநாள் பிறந்த நாள் பந்தியில் வாத்துக்குப் பதில் கத்தரிக்காய் வந்தது. மணியக்காரர் நடந்ததைச் சொன்னார். மந்திரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

ராஜாவுக்கு மூன்று தம்பிகள். ஒருவன் பாலில் விஷம் வைத்தான். ஒருவன் மெத்தைக்குள் தேளை விட்டான். ஒருவன் இன்னும் எதுவும் செய்யவில்லை. அவனை நினைத்தால்தான் ராஜாவுக்கு அதிக பயம். மூன்று வருடமாக அவர் கண்ணை மூடி முழுசாக ஒரு நாழிகை தூங்கியதில்லை.

விடிந்ததும் ராஜா ஏரிக்கு வந்தார். காவலர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் தனியாகப் படகருகே வந்தார்.

"ஏறினது எந்த உயிரானாலும், தானா இறங்குற வரைக்கும் விருந்தாளியா?"

"ஆமாங்க."

"ஏரியே போனாலும்?"

"போயிருச்சுங்களே" என்றான் பொத்தையன்.

ராஜா படகில் ஏறினார். இன்னும் இறங்காத இரண்டு வாத்துகள் நகர்ந்து இடம் கொடுத்தன. வாளைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலை நீட்டினார். அடுத்த நொடி குறட்டை விட்டார். பொத்தையன் ஏரியின் நடுவே படகை நிறுத்தி, பொழுது சாயும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். எழுந்தபோது ராஜா சிறுபிள்ளை மாதிரி கண்ணைக் கசக்கினார்.

"முப்பது வாத்து வரவில்லை. ஒடித்த ஓலை ஒடித்ததுதான். இனி நீ இங்கே வேட்டையாட முடியாது" என்றார்.

"தெரியுங்க."

"ஆனால் இனி இந்த ஏரியில் ஆள் ஏற்றிப் போகும் படகு உன்னுடையது ஒன்றுதான். கூலியை நீயே சொல். எனக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கிவிடு."

அப்படியே நடந்தது. நகை போட்ட கல்யாணப் பெண்கள் அந்தப் படகில் போனார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பங்காளிகள் அதில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். ஒரு நாள் மடைப்பள்ளி மணியக்காரரும் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையை முதலில் படகில் வைத்துவிட்டு, பிறகு தான் ஏறினார்.

இந்தக் கதை சொல்லும் நீதி ஒன்றே: தனக்கு நட்டம் வந்தபோதும் சொன்ன சொல்லைக் காத்தவனை நம்பித்தான் பிறர் தம் உயிரையும் ஒப்படைப்பார்கள்.