கொக்குமலை ஏறிய மூன்று ஜோடி முட்டிகள்

ஆவராங்குறிச்சியில் பரஞ்சோதி, உலகநாதன், குஞ்சிதபாதம் என்று மூன்று பேர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். வேலையில் இருந்தபோதே ஓய்வாக இருந்து பழகியவர்கள் என்பதால் ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பரஞ்சோதிக்கு மட்டும் தெரிந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. ஒருவழியாக நிமிர்ந்தால், எதற்குக் குனிந்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. கொக்குமலை முருகன் கோயிலில். படி ஏறித்தான் போகவேண்டும். மகளின் மாமனார் சபாரத்தினம் போன் போட்டு, "சம்பந்தி, உங்களுக்கு டோலி சொல்லி வச்சிடட்டுமா? நாலு பேர் தூக்கினா போதுமா, இன்னும் ஆள் சேர்க்கணுமா?" என்று அக்கறையாக விசாரித்தார். பரஞ்சோதிக்கு மனசே விட்டுப்போயிற்று. அன்றைக்கு நாலு தோசையோடு எழுந்துவிட்டார்.

"நான் என் கால்ல நடந்துதான் ஏறுவேன்" என்று நண்பர்களிடம் சொன்னார்.

"நாங்களும் வர்றோம்" என்றார் உலகநாதன். "உன்னைத் தனியா நல்லா இருக்க விட்டுடுவோமா?"

ஊரில் தேன்மொழி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள். மூன்று பேரின் முட்டியையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு விஷயம். நாள் பூரா உட்கார்ந்தே இருக்காதீங்க" என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"உட்காரக் கூடாதுன்னா நிக்கணுமா?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"நிக்கச் சொல்லலையே" என்றார் உலகநாதன். அவர் சட்டம் தெரிந்தவர்.

"அப்போ மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்" என்றார் குஞ்சிதபாதம்.

ஒரு வாரம் படுத்தே கிடந்தார்கள். குஞ்சிதபாதம் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டு முழுக்க நீட்டிப் படுத்துக்கொண்டு, கேட்ட கண்டக்டரிடம், "உட்காரக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

விஷயம் தெரிந்து தேன்மொழி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். "படுக்கவும் வேண்டாம், ஐயா. நடக்கணும். வேர்க்க வேர்க்க நடக்கணும்."

மறுபடி வேப்பமரம். வேர்த்தபடி நடக்கவேண்டும் என்றால் முதலில் வேர்வை வேண்டும், நடை அதற்கு அப்புறம்தான் என்று முடிவாயிற்று. வேர்வைக்கு நல்ல இடம் கடைத்தெருவில் பஜ்ஜி அடுப்புப் பக்கம். போய் நின்றார்கள். சும்மா நின்றால் கடைக்காரர் முறைத்தார். ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டார்கள். வேர்த்தது. அவசரமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள். நாலு கடை தாண்டுவதற்குள் காற்றடித்து வேர்வை காய்ந்துவிட்டது. திரும்பி வந்து மறுபடி அடுப்பு, மறுபடி பஜ்ஜி. இப்படியே பொழுது சாயும்வரை உடற்பயிற்சி செய்ததில் பரஞ்சோதியின் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

மூன்றாவது தடவை தேன்மொழி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "காலையில எழுந்து, கீழே பார்க்காம, நிமிர்ந்து, நேரா நடங்க. அவ்வளவுதான்."

நேராக நடந்தார்கள். வடக்குத் தெரு முனையில் தெரு வலது பக்கம் திரும்பியது. இவர்கள் திரும்பவில்லை. எதிரே இருந்த அஞ்சலாட்சி வீட்டுக்குள் வரிசையாக நுழைந்தார்கள். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. உடம்புக்காக வந்தோம்" என்றார் பரஞ்சோதி, நேரே சுவரைப் பார்த்தபடி.

அவள் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். கொல்லையைத் தாண்டினால் மாட்டுக் கொட்டகை. மாடு மரியாதையாக ஒதுங்கியது. அதற்கு அப்பால் குளம். கழுத்தளவுத் தண்ணீரில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

"யோவ், தண்ணிக்குள்ள முட்டி வலிக்கவே இல்லை" என்றார் உலகநாதன்.

"முட்டியை நீ பார்க்கலையே. கீழே பார்க்காம இருந்தா வலிக்காதுன்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றார் பரஞ்சோதி.

தினமும் அதே வழி. அஞ்சலாட்சி முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து வைத்துவிட்டுத்தான் கோலம் போடவே உட்காருவாள். தண்ணீருக்குள் நடப்பது முட்டிக்கு எவ்வளவு நல்லது என்று இவர்களுக்குத் தெரியாது. முட்டிக்குத் தெரிந்திருந்தது. தொப்பை உள்ளே போயிற்று, தொடை இறுகிற்று. பரஞ்சோதி ஒருநாள் குனிந்து, நிமிர்ந்து, எதற்கு என்பதையும் சொன்னார்.

காதுகுத்து நாளன்று மூன்று பேரும் கொக்குமலையை ஒரே மூச்சாக ஏறினார்கள். பாதி வழியில் ஒரு டோலி போய்க்கொண்டிருந்தது. உள்ளே சபாரத்தினம். "காத்து வாங்கலாம்னு ஏறிக்கிட்டேன், சம்பந்தி" என்றார். பரஞ்சோதி தாண்டிப் போனார். பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக ஒருவரைத் தாண்டியதில்லை.

காது குத்தி, பொங்கல் சாப்பிட்டு, இறங்கவேண்டிய நேரம் வந்தது. முதல் படியில் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

"கீழே பார்க்காம எப்படி இறங்கறது?" என்றார் உலகநாதன்.

யோசித்தார்கள். குஞ்சிதபாதம்தான் வழி கண்டுபிடித்தார். "கோயிலைப் பார்த்துக்கிட்டே காலைப் பின்னால வைப்போம். முட்டிக்கும் நாம இறங்கறது தெரியாது."

அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோபுரத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகக் காலை வைத்தார்கள். அரைமணி நேரத்தில் எதற்காக இப்படி வருகிறோம் என்பது மூவருக்கும் மறந்துவிட்டது. எதிரே கோபுரம் மட்டும் தெரிந்தது.

மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் மூச்சிரைக்கக் கேட்டாள். "ஐயா, கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"அதாம்மா எங்களுக்கும் புரியலை" என்றார் பரஞ்சோதி. "முதல்ல பக்கத்துலதான் இருந்துச்சு. நாங்க நடக்க நடக்கத் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு."

"விடக்கூடாது. வேகமா நடங்க" என்றார் குஞ்சிதபாதம்.

வேகத்தைக் கூட்டினார்கள். கோபுரமும் வேகத்தைக் கூட்டியது. கடைசியில் முதுகு அடிவாரத்துத் தேங்காய்க் கடையில் போய் இடித்தபோது மூவரும் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட கோயிலை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நம்மளைவிட அந்த மலைக்கு எவ்வளவு வயசு ஜாஸ்தி" என்றார் பரஞ்சோதி, உள்ளபடியே மரியாதையோடு. "என்னமா நடக்குது பாரு."