மகாராஜாவின் கட்டளையும் அயிரை மீன் குழம்பும்

செங்காட்டுப் பாளையத்தை ஆளும் வரதப்ப நாயக்கருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று சாப்பாடு. அது பிறந்த நாளிலிருந்து உண்டு. இன்னொன்று பிரெஞ்சு. அது போன மாசம்தான் ஒட்டிக்கொண்டது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையின் கப்பித்தான் ஒருவன் பேச்சுவார்த்தைக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டாரோ இல்லையோ, "அவன் பாஷையிலேயே அவனைத் திணற அடிக்கிறேன் பார்" என்று கிளம்பிவிட்டார்.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் துபாசி ஞானாதிக்கம் பிள்ளை. துரைமார் பேச்சைத் தமிழிலும், அரசர் பேச்சைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தின் மேல் தானாபதி பேரம்பலத்துக்கு வெகுநாளாக ஒரு கண். தன் மச்சினன் மகனை அதில் உட்காரவைத்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார். அரண்மனையில் எந்தக் கட்டளையும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். இந்தத் துபாசி உத்தியோகம் ஒன்றுதான் இன்னும் சிக்கவில்லை.

அன்று காலை பாடம் நடந்தது. பேரம்பலமும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன பிரெஞ்சு மேல் அவ்வளவு பாசம் என்று கேட்காதீர்கள்.

"மகாராஜா, உள்ளதைச் சொல்ல ஒரு வடிவம்" என்றார் துபாசி. "அவன் வருகிறான் என்றால் 'வியான்'. ஆனால் அவன் வரணுமே என்று ஆசைப்பட்டாலும், வந்துவிடுவானோ என்று பயந்தாலும், வருவானா என்று சந்தேகப்பட்டாலும் 'வியென்'. வினைச்சொல் வேறு வேஷம் கட்டிக்கொள்ளும்."

"சரி. நான் அவனை வரச்சொல்லிக் கட்டளையிட்டால்?"

"அப்போதும் வியென்தான், மகாராஜா."

பேரம்பலம் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! மகாராஜாவின் கட்டளையும், கண்டவனுடைய பயமும் சந்தேகமும் ஒரே பந்தியிலா? இதையெல்லாம் கேட்கத்தானா இந்தக் காது இருக்கிறது!"

நாயக்கரின் மீசை துடித்தது. "ஓய் பிள்ளை! நான் சொன்னால் அது நடந்தாகிவிட்டது. அதில் என்ன சந்தேகம்? இனி என் கட்டளையை நடந்ததற்குரிய வடிவத்தில்தான் சொல்ல வேண்டும். நாளைக்குக் கப்பித்தான் முன்னால் அந்த வேஷத்தை வாயில் எடுத்தீரோ, உத்தியோகத்தைப் பேரம்பலத்தின் ஆளிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும்!"

ஞானாதிக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். எடுத்தால் வேலை போச்சு. எடுக்காமல் உளறினால் கப்பித்தான் சிரிப்பான், பேச்சு கெடும், அப்போதும் வேலை போச்சு. பேரம்பலமோ புன்னகையை அடக்க மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் துபாசிக்குச் சுரீரென்றது. இரு, இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"உத்தரவு மகாராஜா. ஆனால் ஒரு விளக்கம். தங்கள் வாயிலிருந்து வந்ததுமே அது நடந்தாகிவிட்டது என்பது பிரெஞ்சுக்கு மட்டுமா, அரண்மனைக்கும் உண்டா?"

"அரண்மனை, குதிரை லாயம், அடுக்களை, எல்லாவற்றுக்கும்தான்!"

"எல்லோருக்கும் அறிவித்துவிடட்டுமா?"

"உடனே!"

அறிவித்தாயிற்று. உச்சிவேளையும் வந்தது. அன்றைக்கு அயிரை மீன் குழம்பு. வாசனை கொலுமண்டபம் வரை வந்து நாயக்கரைக் கூப்பிட்டது.

"இலை போடச் சொல்லும் பிள்ளை. நான் சாப்பிட வேண்டும்!"

"ஆகட்டும் மகாராஜா" என்று துபாசி வெளியே போனார். டங்ங்ங் என்று சேகண்டி முழங்கியது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். அரசர் உண்டு கை கழுவியதும் சேகண்டி அடிப்பார்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். அரசருக்கு அந்த வேளைக்கு மறுபடி இலை விழாது. சேகண்டி கேட்டதும் அத்தனை பேரும் பந்திக்கு ஓடினார்கள். பேரம்பலம்தான் முதல் ஆள்.

"எவன்டா சேகண்டி அடித்தது?" நாயக்கர் கத்தினார்.

துபாசி கைகட்டி நின்றார். "நான்தான் அடிக்கச் சொன்னேன் மகாராஜா. சாப்பிட வேண்டும் என்று திருவாய் மலர்ந்தீர்கள். புது விதிப்படி சாப்பிட்டாகிவிட்டது. குழம்பில் உப்பு சரியாக இருந்ததா?"

"விளையாடுகிறீரா? போடும் இலையை!"

"ஐயையோ, இரண்டாம் முறையும் சாப்பிட்டுவிட்டீர்களே! வைத்தியரைக் கூப்பிடட்டுமா?"

நாயக்கர் மறுபடி கத்த வாயைத் திறந்தார். மூன்றாம் முறையும் சாப்பிட்டதாகிவிடுமே என்று மூடிக்கொண்டார். வயிறு மட்டும் கடகடவென்று சத்தம் போட்டது.

துபாசி குரலைத் தாழ்த்தினார். "மகாராஜா, நடந்தது இலையில் இருக்கும் சோறு. ஆசை, பயம், சந்தேகம், கட்டளை எல்லாம் இன்னும் அடுக்களையை விட்டு வெளியே வராத சோறு. எவ்வளவு பெரிய அடுக்களையாக இருந்தாலும் இலைக்கு வருகிற வரையில் பசி தீராது. அதற்காகத்தான் அந்த வேறு வேஷம். தங்களைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை."

நாயக்கர் தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "விதி ரத்து! வியென் என்றே சொல்லித் தொலையும். முதலில் சோற்றைக் காட்டும்!"

துபாசி மண்டபத்தின் ஓரத்தில் தொங்கிய திரையை விலக்கினார். அதற்குப் பின்னால் இலையில் ஆவி பறக்க எல்லாம் தயாராக இருந்தது. "சாப்பிடாமல் அடித்த சேகண்டி கணக்கில் சேராது, மகாராஜா."

வயிறு நிறைந்ததும் நாயக்கருக்கு மனசும் குளிர்ந்தது. பந்தியிலிருந்து ஏப்பம் விட்டபடி வந்த பேரம்பலத்தைக் கூப்பிட்டார்.

"தானாபதி! நம் துபாசிக்கு ஒரு பட்டுச் சால்வையும், கன்றோடு ஒரு பசுவும் கொடுக்கக் கட்டளையிடுகிறேன்."

"அதற்கென்ன மகாராஜா, பார்த்துச் செய்கிறேன்" என்றார் பேரம்பலம், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

ஞானாதிக்கம் நன்றி சொல்லவில்லை. நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை.

"என்ன பிள்ளை, பரிசு போதாதா?"

"தாராளம் மகாராஜா. ஆனால் அது இப்போதைக்கு வியென்தான். கட்டளைக்கும் கைக்கும் நடுவில் ஒரு தானாபதி நிற்கிறாரே!"

நாயக்கர் வெடித்துச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தன் கையாலேயே துபாசிக்குப் போர்த்தினார்.

"இப்போது?"

"வியான், மகாராஜா" என்றார் ஞானாதிக்கம், சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "பசு மட்டும் இன்னும் வியென்."