ஆட்காட்டியை அடைத்த காடு

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், யானை முதல் எலி வரை எல்லா மிருகங்களும் ஒரு வழக்கத்தை மதித்து வாழ்ந்தன. யார் யாரைப் பிடித்தாலும் சரி, பொழுது சாய்வதற்குள் குளத்துப் பாறையில் இருக்கும் ஆமையின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிடித்தவர் காரணம் சொல்வார். பிடிபட்டவர் அதைத் தன் காதால் கேட்டுப் பதில் சொல்வார். அதன் பிறகு அடைப்பதா விடுவதா என்று ஆமை சொல்லும். ஆமை சொன்னால் தலைவியான யானைகூடக் கேட்டுக்கொள்ளும்.

ஒரு கோடையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. சும்மா கிளப்பிவிட்ட பயமில்லை குழந்தைகளே, நிஜமான பயம். வந்த வாரமே, அக்கரையில் மேய்ந்த இரண்டு மான்குட்டிகள் போய்விட்டன.

காட்டைக் காப்பது காட்டெருமையின் பொறுப்பு. அதை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஓய்வில்லாமல் எல்லையைச் சுற்றி வந்தது. ஆனால் அவசரம் பிடித்தது. அது யானையிடம் போய், "தாயே, ஆமை ஒவ்வொருவராய் விசாரித்து முடிப்பதற்குள் நாய்கள் நம்மைத் தின்று முடித்துவிடும். சந்தேகம் வந்தால் நானே அடைத்து வைக்கிறேன். காரணத்தை மட்டும் வெளியே கேட்காதீர்கள். கேட்டால் அது செந்நாய்களின் காதுக்குப் போய்விடும்" என்றது.

யானைக்குக் காட்டின் குட்டிகள்மேல் உயிர். சரி என்று சொல்லிவிட்டது. செந்நாய் பயம் தீரும்வரை யாரையும் ஆமையின் முன் நிறுத்த வேண்டியதில்லை என்று உத்தரவாயிற்று. பயம் எப்போது தீரும், தீர்ந்தது என்று யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தங்களையே சந்தேகிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். முயல் உடனே தலையாட்டியது. அது எதற்குத்தான் தலையாட்டவில்லை?

ஆமை மட்டும் பேசியது. "பிடிப்பது காவலின் வேலை. அதில் நான் குறுக்கே வரவில்லை. பிடித்தது சரியா என்று பார்ப்பதையும் பிடித்தவரிடமே விட்டுவிடாதீர்கள்."

யானை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. இப்போது சமயம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் காட்டெருமை ஆட்காட்டிப் பறவையைப் பிடித்தது. ஆற்றோரக் கூழாங்கற்களில் வாழும் பறவை அது. அன்னியர் யார் தெரிந்தாலும் தொண்டை கிழியக் கத்தும். அதற்குள் செந்நாய்கள் மூன்று முறை ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்திருந்தன. மூன்று முறையும் அவை வருவதற்குச் சற்று முன்னால் ஆட்காட்டி கத்தியிருந்தது. கூப்பிடாமல் நாய் வருமா என்று காட்டெருமை கணக்குப் போட்டது. பறவையைப் பாறை இடுக்கில் தள்ளி, வாசலில் முள்ளை இழுத்துப் போட்டது.

என்ன குற்றம் என்றாவது சொல்லுங்கள் என்று பறவை கெஞ்சியது. அது ரகசியம் என்றது காட்டெருமை.

"அண்ணே, கூழாங்கல்லில் என் முட்டைகள் மூன்று கிடக்கின்றன. துணையைப் போன மாதமே பருந்து கொண்டுபோய்விட்டது. மதியம் கல் கொதிக்கும். நான் ஆற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால்தான் முட்டைகள் பிழைக்கும். இப்போதே என்னை ஆமையின் முன் நிறுத்துங்கள். அடைக்கச் சொன்னால் அடையுங்கள்."

காட்டெருமைக்கும் மனம் வலித்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான் என்று முள்ளை எடுக்கவில்லை.

சேதி கேட்டு ஆமை தன் பாறையை விட்டு இறங்கி வந்தது. "பறவையை நான் பார்க்க வேண்டும். காரணம் ரகசியமானால் என் காதில் மட்டும் சொல். ஆனால் சொல்" என்றது. யானை அனுமதித்தால் பார்க்கலாம் என்று காட்டெருமை வழியை மறித்தது. யானையோ எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. ஆமை அதை நோக்கி நடந்தது. பாதி வழியிலேயே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் செந்நாய்கள் ஆற்றில் இறங்கின. கூழாங்கற்களில் கத்துவதற்கு யாருமில்லை. மிருகங்கள் நிழலில் அசந்து படுத்திருந்தன. அவை எழுந்து ஓடுவதற்குள் ஒரு கன்று விழுந்துவிட்டது. அது காட்டெருமையின் சொந்தக் கன்று.

நாய்கள் போன பிறகு காட்டெருமை தன் கொம்பாலேயே முள்ளை விலக்கியது. பறவையை ஆமையின் முன் கொண்டுவந்து நிறுத்தி, தான் சந்தேகித்த காரணத்தை எல்லோர் முன்னிலும் சொன்னது.

"நீ கத்தியபோது நாய்கள் எங்கே இருந்தன?" என்று ஆமை பறவையைக் கேட்டது.

"அக்கரையில். அவை தண்ணீரில் கால் வைத்ததும் கத்துவேன்."

ஆமை காட்டெருமையின் பக்கம் திரும்பியது. "அந்த மூன்று முறையும் எத்தனை பேர் செத்தார்கள்?"

"ஒருவரும் இல்லை" என்றது காட்டெருமை. "சத்தம் கேட்டு எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டோம்."

"பறவையை விடு" என்றது ஆமை. ஒரு மான் தண்ணீர் குடித்து நிமிரும் நேரம்கூட ஆகவில்லை, விசாரணை முடிந்துவிட்டது.

ஆட்காட்டி கூழாங்கற்களுக்குப் பறந்தது. மற்ற மிருகங்கள் பின்னால் போய்த் தூரத்திலேயே நின்றன. மூன்று முட்டைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன, ஒன்றும் உடையவில்லை. பறவை ஒவ்வொன்றாய் அலகால் தொட்டுப் பார்த்தது. பிறகு அவற்றின்மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

தப்பு என்னுடையது என்று யானை ஒப்புக்கொண்டது. பழைய வழக்கம் அந்த நொடியே திரும்பியது. எந்தப் பயம் வந்தாலும் தலைவியேகூட அதை நிறுத்திவைக்க முடியாது என்றும் யானை அறிவித்தது. நாய்கள் இன்னும் மலையில் இருந்ததால் காவல் காட்டெருமையிடமே இருந்தது. கடைசியில் யானை பறவையிடம், முன்போல இங்கேயே இருந்து எச்சரிக்க வேண்டும் என்று கேட்டது.

"கத்தியதற்காகத்தான் என்னை அடைத்தீர்கள், தாயே" என்றது ஆட்காட்டி. "இனி நாயைப் பார்த்தாலும், கத்தலாமா என்று முதலில் உங்களை நினைத்துப் பயப்படுவேன். அதற்குள் நாய் வந்துவிடும்."

சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் பறந்து போயிற்று.

மறுநாள் மதியம் ஒரு மிருகமும் நிழலில் படுக்கவில்லை. குட்டிகளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றுகொண்டு, எல்லாம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

நீதி: காவலுக்கு அதிகாரம் வேண்டும், அந்த அதிகாரம் நீதியின் முன் பதில் சொல்லவும் வேண்டும். பயத்தில் உரிமையை விட்டுக்கொடுத்தால் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.